எழுதும் பலகையும் மிதக்கும் பலகையும்

கடற்பயணம் பற்றிய நூல்கள் பாயையும் சுக்கானையும் திசைகாட்டியையும் விரிவாகப் பேசுகின்றன. மாலுமி தன் வழிக்கணக்கை எதன்மீது எழுதினான் என்ற வினாவை அவற்றுள் காண்பது அரிது. சிறிய பாய்ப்படகிலோ இஃது உயிரோடு தொடர்புடைய வினாவாகும். அங்கே விரித்தெழுத மேசை இராது. மடியில் வைத்த தாளையும் அலை வந்து நனைத்துவிடும். சென்ற திசையையும் வேகத்தையும் மணிதோறும் குறித்து, அவற்றைக் கொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணிப்பது பழைய முறை. ஒரு குறிப்பு அழியின் அதன் பின்வரும் கணக்கு முழுவதும் ஐயத்திற்குரியதாகும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி வந்துவிட்ட இக்காலத்தும், மின்சாரம் அற்றுப்போகும் வேளையைக் கருதி இக்குறிப்பை எழுதிவருவோர் உளர்.

ஆதலின் சிறுபடகினர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஏடாக்கினர். வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால், ஈரத்திலும் பென்சில் அதன்மீது எழுதும். மை கரைந்தோடும், பென்சில் கரி கரைவதில்லை. வெள்ளை வண்ணம் பூசிய படகின் உட்சுவரிலேயே எண்களைக் குறித்துவைப்போரும் உண்டு. அங்கே படகே சுவடியாகிவிடுகின்றது!

பெருங்கப்பல்களில் இதற்கெனச் சிலேட்டும் கரும்பலகையும் இருந்தன. அவற்றில் எழுதியதைப் பின்னர்க் குறிப்பேட்டில் படியெடுத்துத் துடைத்துவிடுவர். ஐரோப்பிய மாலுமிகளிடம் எழுத்தே வேண்டாத பலகை ஒன்றும் இருந்தது. 32 திசைகளுக்கும் துளைகளிட்டு, அரைமணிக்கு ஒரு முளையாக நான்கு மணி நேரக் காவலில் எட்டு முளைகளைச் செருகிவருவர். எழுதப் படிக்க அறியாதவனும் இருளில் விரலால் தடவி அக்கணக்கை அறியலாம்.

நனைந்த தாளை நம்பிய பயணம் ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அண்டார்க்டிகப் பனிக்கடலில் கப்பலை இழந்த ஷாக்கிள்டன் குழுவினர் 28 பேருள் அறுவர், 1916 ஏப்ரல் 24-ஆம் நாள் எலிபண்ட் தீவினின்று புறப்பட்டனர். அவர்கள் ஏறிய ‘ஜேம்ஸ் கெயர்டு’ 22½ அடி நீளமே உடையது. பெட்டி மூடிகளும் சறுக்குவண்டிச் சட்டங்களும் கித்தானுமே அதன் மேல்தளம். ஏறத்தாழ 800 கடல் மைலுக்கு அப்பால் இருந்த தெற்கு ஜார்ஜியா தீவு அவர்தம் இலக்கு. அதனைத் தவறவிட்டால் அப்பால் இருப்பது பரந்த அட்லாண்டிக் பெருங்கடலே.

வழிகாட்டியான வொர்ஸ்லி, இருவர் தம்மைப் பற்றிக்கொள்ள மண்டியிட்டுக் கதிரவனின் உயரத்தை அளப்பார். ஷாக்கிள்டன் கித்தானின் அடியில் கடிகாரமும் பென்சிலுமாகக் காத்திருந்து நேரத்தைக் குறிப்பார். இப்பயணத்தில் கதிரவனை அளக்க வாய்த்தவை சில முறைகளே. கணித அட்டவணை நூல்களோ ஊறிக் கூழாகிவிட்டன. ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தே வேண்டிய பக்கத்தை எட்ட முடிந்தது. மே 10-இல் அவர்கள் கரையேறினர். எலிபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்ட் 30-இல் மீட்கப்பட்டனர். அத்தனை உயிர்களும் ஒரு பென்சில் குறிப்பை நம்பி இருந்தன என்று கூறின் மிகையன்று.

இனிச் சொல்லாய்வுக்கு வருவோம். தமிழில் ‘பலகை’ என்பது படகின் பலகையையும் குறிக்கும். பிள்ளைகள் எழுதும் சிலேட்டுப் பலகையையும் குறிக்கும். அரபு மொழியிலும் இவ்வொற்றுமை உண்டு. ‘லவ்ஹ்’ என்பது பலகை. அதன் பன்மை ‘அல்வாஹ்’. திருக்குர்ஆனின் 54:13-இல் நூஹ் நபி (அலை) அவர்களின் மரக்கலப் பலகைகளை அச்சொல் குறிக்கின்றது. 7:145-இல் மூஸா நபி (அலை) அவர்களுக்காக எழுதப்பட்ட பலகைகளையும் அச்சொல்லே குறிக்கின்றது. மிதப்பதும் எழுதப்படுவதும் ஒரே பெயர் பெறுகின்றன. இரு மொழிகளும் தனித்தனியே இவ்விடத்தை எட்டின என்றே நாம் கருதுகின்றோம். ஒன்று மற்றதனிடம் கடன் கொண்டது எனக் கூறச் சான்றில்லை.

மூன்றாவது பலகையும் ஒன்று உண்டு. அரபுக் கடலோடிகள் ‘கமால்’ என்ற சிறு பலகையால் துருவமீனின் உயரத்தை அளந்தனர். சோழமண்டலக் கரையில் அதன் பெயர் இராப்பலகை. பலகையின் நடுவே ஒரு கயிறு கோக்கப்பட்டிருக்கும். கயிற்றைப் பல்லால் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு விண்மீனையும் தொடுமாறு பிடிப்பர். ஒவ்வொரு துறைமுகத்திற்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. அம்முடிச்சில் அளவு பொருந்துமாயின் அத்துறைக்கு நேர்கிழக்கிலோ நேர்மேற்கிலோ கலம் நிற்கின்றது என்பது பொருள். முடிச்சே எழுத்து, அதனை நீர் அழிப்பதில்லை. இத்தகைய கருவிகளைப் பற்றிக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850-இல் எழுதியுள்ளார்.

சங்கப்பலகையை அறிந்த நம் மாணவர் இராப்பலகையை அறியார். மரக்கலம் ஓட்டிய குடும்பங்களின் முதியோர் எவரேனும் இச்சொல்லையோ முடிச்சுகளின் பெயர்களையோ செவியுற்றிருப்பின், எம் துறைக்குத் தெரிவித்துதவ வேண்டுகின்றோம். கரையோர ஊர்களினின்று வரும் மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே தம் பாட்டனாரைக் கேட்டு எழுதிவரலாம்.