தீவு நாட்டின் வேளாண் கொள்கைக்குக் கருத்துக்கேட்பு நடத்தும் முறை: மால்டாவை முன்வைத்து

கருத்துக்கேட்பு என்பது, ஓர் அரசு தன் கொள்கை வரைவை இறுதி செய்யும் முன் அதனால் பாதிக்கப்படுவோரின் கருத்தைப் பெற்று, அதைக் கொண்டு வரைவைத் திருத்தும் நடைமுறையாகும். நடுநிலக் கடலில் 316 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த மால்டா, 2018 முதல் 2028 வரைக்குமான தேசிய வேளாண் கொள்கையை வகுத்துக்கொண்ட நாடு. அதன் சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 11,000 ஹெக்டேர், ஒரு பண்ணையின் சராசரி அளவோ ஒரு ஹெக்டேரை ஒட்டியது. இத்தகைய நாட்டில் அடுத்த நெடுங்காலக் கொள்கை எழுதப்படும்போது கருத்துக்கேட்பு எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதற்படி, யாரிடம் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது. மால்டாவின் உழவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறொரு வேலையைப் பார்த்துக்கொண்டே நிலத்தையும் கவனிக்கும் பகுதிநேர உழவர்கள் என்பதால், சங்கங்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் அழைப்பு அனுப்புவதோடு நின்றுவிட்டால் பெரும்பான்மையினர் விடுபட்டுவிடுவர். ஆகவே மானியப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் செல்ல வேண்டும். நில உடைமையாளர், கால்நடை வளர்ப்போர், ‘பிட்கலி’ எனப்படும் கமிஷன் மண்டிக்காரர் ஆகியோரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். உழவர் தம் காய்கறிகளைத் தா காலியில் உள்ள ‘பிட்கலியா’ என்னும் மொத்தச் சந்தையில் இம்மண்டிக்காரர் வழியாகவே நெடுங்காலமாக விற்று வருவதால், விலை எவ்வாறு அமைகிறது என்பதை அவர்களைக் கேளாமல் அறிய இயலாது.

அடுத்தது, கலந்தாய்வு அறிக்கை. முடிவெடுக்க வேண்டிய சிக்கல்களையும் ஒவ்வொன்றுக்குமான மாற்று வழிகளையும் சுருக்கமாக முன்வைக்கும் இவ்வறிக்கை, ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கப்பட்டதாக இராமல் உழவரின் பேச்சுமொழியான மால்டிய மொழியிலேயே முதலில் எழுதப்படுவது நல்லது. நாளும் இடமும் குறிக்கும்போது பயிர்க்காலத்தைப் பார்த்தாக வேண்டும்: வசந்தகால உருளைக்கிழங்கு அறுவடையின்போதும் ஆகஸ்டு இறுதியில் திராட்சை பறிக்கும்போதும் கூட்டம் வைத்தால் நாற்காலிகளே எஞ்சும். குளிர்கால மாலை நேரங்களில், கோசோ தீவு உட்பட ஊர் ஊராகச் சென்று நடத்துவதே முறை.

எல்லாவற்றிலும் கடினமானது கேள்விகளை அமைக்கும் படியாகும். ‘வேளாண்மையின் எதிர்காலம் எப்படி இருக்க வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். நிலம், நீர் என்னும் இரண்டையும் நேராகத் தொட்டுக் கேட்பதே பயன் தரும். தனியார் நிலத்தில் பயிரிடும் குத்தகையாளரை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு 1967-ஆம் ஆண்டுச் சட்டம் காத்து வந்தது. அச்சட்டம் உடைமையாளரின் உரிமையைப் பாதிக்கிறது என அண்மை ஆண்டுகளில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததால், பத்தாண்டுத் திட்டத்தைப் படிக்கும் குத்தகை உழவருக்கு அடுத்த ஆண்டே நிலம் கையில் இருக்குமா என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைக் கேள்வித்தாள் தவிர்க்கக் கூடாது.

நீரும் அவ்வாறே. நிலையான ஆறுகள் இல்லாத இத்தீவில், சுண்ணாம்புப் பாறைக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே முதன்மையான நிலத்தடி வளம்; ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி இறைக்கும்போது கீழுள்ள உப்புநீர் மேலேறிவிடுகிறது. எனவே இறைப்புக்கு எவ்வளவு வரம்பு விதிப்பது, சுத்திகரித்த கழிவுநீர் எந்த விலையில் எந்த வயல்வரை வர வேண்டும் என எண்ணிக்கையோடு கேட்கலாம். கூட்டத்தை அரங்கோடு முடிக்காமல் ஒரு வயலுக்கும் கொண்டுசெல்வது நன்று. சாந்தின்றிக் கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்ட வரப்புச் சுவர் ஓரிடத்தில் சரிந்திருந்தால், மழைநீர் அந்த இடைவெளி வழியே மண்ணை வாரிக்கொண்டு கீழ்ப்பாத்தியில் கொட்டியிருப்பதை அதிகாரி நேரில் காணலாம்; அதைச் சீர்செய்யும் செலவு யாருடையது என்ற கேள்வி அங்கேயே பிறக்கும்.

இறுதிப்படி, பதில் சொல்வது. 1998-இல் கையெழுத்தான ஆர்ஹுஸ் உடன்படிக்கை, சுற்றுச்சூழல் சார்ந்த திட்டங்களில் மக்கள் பங்கேற்பின் விளைவை உரியவாறு கருத்தில் கொள்ளவேண்டும் என்கிறது. மால்டா அதில் உறுப்பு நாடு. வந்த கருத்துகளை வகைப்படுத்தி, ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்பதை வரைவின் பிரிவு எண்ணோடு வெளியிட வேண்டும். இந்தப் பதில் அறிக்கை வெளிவரும் முன் கொள்கைக்கு ஒப்புதல் அளிக்கும் அரசு, கருத்துக்கேட்பை நடத்தியதாகக் கொள்ள முடியாது.