விமானம் கிளம்பும்போது ஹெட்போனை ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?



நம்ம பள்ளி மைதானத்துக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாத் தலையும் அண்ணாந்து பார்க்கும். ஆனால் அதில் ஏறியவர்கள் நம்மில் கொஞ்சப் பேர்தான். நானும் இன்னும் ஏறவில்லை. இருந்தாலும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ இல்லாத தெரு நம்ம ஊரில் கிடையாது. அவர்களுக்காகவும், நாளைக்கு ஏறப்போகிற நமக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பல விமானங்களில் பணியாளர்கள் வந்து, "காதில் இருப்பதைக் கழற்றுங்க" என்று சொல்வார்கள். ஏன்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: "அதிலிருந்து வர்ற அலை விமானத்தைக் குழப்பிடும்." இது பாதிப் பதில். மீதிப் பாதி அலையில் இல்லை, நம்ம காதில் இருக்கிறது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. ரேடியோ அலை

இந்தக் கதை செல்போன் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் 1958 முதல் 1961 வரை ஆய்வு நடத்தி, பயணிகள் கையில் கொண்டுவரும் சின்ன எஃப்.எம். ரேடியோ விமானத்தின் வழிகாட்டும் கருவியைத் தொந்தரவு செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

"ரேடியோ அலையை வாங்கத்தானே செய்யும், வெளியிடாதே?" என்று கேட்கலாம். வெளியிடும்! ரேடியோவுக்குள்ளே அலையியற்றி என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் கேட்கிற நிலையத்தின் அதிர்வெண்ணைவிடப் பொதுவாக 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமான ஓர் அலையை அது உண்டாக்கும். அதில் கொஞ்சம் வெளியே கசியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

நாம் கேட்கும் நிலையம் = 98.3 மெகாஹெர்ட்ஸ்
உள்ளே உண்டாகும் அலை = 98.3 + 10.7 = 109 மெகாஹெர்ட்ஸ்

விமானத்துக்குத் தரையிலிருந்து திசை காட்டும் நிலையங்கள் வேலை செய்வது 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். நம்ம கசிவு அலை சரியாக அதற்குள்ளே போய் விழுகிறது, பார்த்தீர்களா?

அதனால் 1966-இல் அமெரிக்க விமானத் துறை (எஃப்.ஏ.ஏ.) இதற்கு விதி போட்டது. அந்த விதியில் சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. காது கேட்கும் கருவி, இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர், குரல் பதிவுக் கருவி, மின்சார ஷேவர். முகம் மழிக்கலாம், பாட்டுக் கேட்கக் கூடாது! சிரிப்பாக இருந்தாலும் 'காது கேட்கும் கருவி' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிறகு வாக்மேன், லேப்டாப், செல்போன் என்று ஒவ்வொன்றாக வந்தது. விமானம் 10,000 அடிக்குக் கீழே (சுமார் 3 கிலோமீட்டர்) இருக்கும்போது எல்லாவற்றையும் அணைக்கணும் என்பது வழக்கமாயிற்று. விமானங்களின் கருவிகளும் காலப்போக்கில் இப்படிப்பட்ட அலைகளைத் தாங்கும்படி மேம்பட்டன. அதைச் சோதித்துப் பார்த்த பிறகு, 31.10.2013 அன்று எஃப்.ஏ.ஏ. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு நிறுவனம் தன் விமானம் இந்த அலைகளைத் தாங்கும் என்று உறுதி செய்துவிட்டால், செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கிளம்புவதிலிருந்து இறங்குவது வரை பயன்படுத்தவிடலாம். புளூடூத்துக்கும் தடை இல்லை. 2014-இல் இந்தியாவிலும் டி.ஜி.சி.ஏ. ஃப்ளைட் மோடில் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

சரி, அலைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டதே! அப்புறமும் ஏன் "கழற்றுங்க" என்கிறார்கள்?

2. நம்ம காது

விமான வேலையில் இருப்பவர்கள் 'கூட்டல் 3, கழித்தல் 8' என்று சொல்வார்கள். கிளம்பிய முதல் 3 நிமிடம், இறங்குவதற்கு முந்தைய 8 நிமிடம். பெரிய விபத்துகளில் அதிகமானவை கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கின்றன. நடுவானில் போகும் மணிக்கணக்கான நேரம் அவ்வளவு ஆபத்தானது இல்லை.

அமெரிக்காவில் 1981 முதல் விமானிகளுக்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குத் தேவையில்லாத பேச்சு பேசக் கூடாது. ஓட்டுகிறவருக்கே அரட்டைக்குத் தடை என்றால் அந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்!

அடுத்தது 90 விநாடி. பெரிய பயணிகள் விமானம் எதுவானாலும், பாதி வாசல்களை மட்டும் திறந்து, எல்லாரையும் 90 விநாடிக்குள் வெளியே அனுப்ப முடியும் என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380-க்கு 2006 மார்ச் மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இந்தச் சோதனை நடந்தது. 16 வாசல்களில் 8 மட்டும்தான் திறந்தன. 873 பேர் 78 விநாடியில் வெளியே வந்தார்கள். நம்ம காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்!

இவ்வளவு வேகம் எப்படி முடியும்? ஒரு குரல் சொல்லணும், எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கணும். பக்கத்து சீட்டுக்காரர் தட்டிச் சொல்கிற வரைக்கும் காத்திருந்தால், அந்தச் சில விநாடி அவருக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்கிறவர்களுக்கும் நஷ்டம்.

அவசர வாசல் பக்கத்து சீட்டுக்கு அமெரிக்காவில் தனி விதியே இருக்கிறது. பணியாளர் சத்தம் போட்டுச் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறவர்தான் அங்கே உட்காரலாம். அதற்குக் காது கேட்கும் கருவி வைத்துக்கொள்ளலாம். முன்னால் பார்த்த விலக்கு ஞாபகம் இருக்கிறதா? கேட்க உதவுகிற கருவிக்கு இரண்டு இடத்திலும் அனுமதி உண்டு.

3. ஹனேடாவில் நடந்தது

2024 ஜனவரி 2. ஜப்பானின் சப்போரோ பகுதியிலிருந்து ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு வந்து இறங்கியது. ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. முந்தைய நாள் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக இருந்த அந்தச் சிறிய விமானத்தில் 6 பேர் இருந்தார்கள். அவர்களில் 5 பேர் இறந்துபோனார்கள்.

பயணிகள் விமானத்தில் இருந்தது 367 பயணிகளும் 12 ஊழியர்களும். மொத்தம் 379 பேர். உள்ளே புகை. வெளியே தீ. 8 வாசல்களில் 3-ஐத்தான் பயன்படுத்த முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கி அமைப்பே வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனை எடுத்தார்கள். தொண்டை கிழியக் கத்தினார்கள். பயணிகள் கேட்டார்கள். பெட்டியை விட்டுவிட்டு, சொன்ன வாசலுக்குப் போய்ச் சறுக்கி இறங்கினார்கள். விமானம் இறங்கி 18 நிமிடத்துக்குள் 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள்!

இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் ஹெட்போன் விதி எனக்கு முழுசாகப் புரிந்தது. மின்சாரம் போகலாம், மைக் போகலாம், விளக்கு அணையலாம். கடைசியாக மிஞ்சுவது ஒரு மனுஷனோட குரலும் இன்னொரு மனுஷனோட காதும்தான். அந்தக் காதை நாமே அடைத்து வைத்திருந்தால் என்ன ஆகும்?

4. அப்படியென்றால் விமானி மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறார்?

நல்ல கேள்வி! விமானி அதை மாட்டுவது கேட்பதற்காக. தரைக் கட்டுப்பாட்டு அறை பேசுவது எஞ்சின் சத்தத்தை மீறித் தெளிவாகக் காதில் விழணும். நாம் மாட்டுவது சுற்றியிருப்பது கேட்காமல் இருப்பதற்காக. ஏறக்குறைய ஒரே பொருள், வேலை நேர்எதிர்.

இரைச்சலை அடக்கும் ஹெட்போனின் கதையும் விமானத்தில்தான் தொடங்கியது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதற்கான யோசனையை எழுதத் தொடங்கினார். வெளியே வரும் ஒலி அலைக்கு முகடு இருக்கும் இடத்தில் அகடு வரும்படி இன்னொரு அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம்ம பாடத்தில் வருகிற அழிவுக் குறுக்கீட்டு விளைவுதான் இது. 1989-இல் அவருடைய நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது விமானிகளுக்கான ஹெட்செட்!

5. இப்போது விதி என்ன?

ஹெட்போனுக்கு என்று உலகம் முழுக்க ஒரே சட்டம் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடத்தில் சின்ன இயர்போன் பரவாயில்லை, காதை மூடும் பெரிய ஹெட்போன் கூடாது என்பார்கள். சில இடத்தில் சீட்டின் முன்னால் இருக்கும் திரையில் மாட்டிக் கேட்கலாம். அறிவிப்பு வந்தால் அந்தப் படம் தானாக நின்று, அறிவிப்பு காதில் விழும். நம்ம சொந்தப் போனில் ஓடும் பாட்டு அப்படி நிற்காது. எங்கே போனாலும் பணியாளர் சொல்வதைக் கேட்டு நடக்கணும்.

வீட்டில் சொல்ல வேண்டியவை

• பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போது காதில் எதுவும் வேண்டாம். பத்து முறை பறந்தவரும் கேட்கணும். விமானத்துக்கு விமானம் வாசல் இருக்கும் இடம் மாறும்.
• கிளம்பும்போதும் இறங்கும்போதும் விதி அனுமதித்தாலும் கழற்றி வைப்பது நல்லது. அந்தக் கொஞ்ச நேரம் பாட்டு இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.
• நம்ம சீட்டிலிருந்து அவசர வாசல் எத்தனையாவது வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளணும். புகையில் கண் தெரியாது.
• காது கேட்கும் கருவி வைத்திருக்கும் தாத்தா பாட்டி அதைக் கழற்ற வேண்டாம். அது காதில் இருந்தால்தான் அறிவிப்பு கேட்கும்.

அடுத்த இதழுக்கு ஒரு கேள்வி: விமானம் இறங்கும்போது காது அடைப்பது ஏன்? மிட்டாய் சப்பினால் சரியாவது எப்படி? விடையை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்போடு நூலகத்துக்கு வெளியே இருக்கும் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். சரியான விடை எழுதியவர்களின் பெயர் இதே சுவரில் வரும்!

– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு, அறிவியல் மன்றம்