மின்தடையும் இல்லக் கம்ப்யூட்டரும்

விளக்கு அணைந்து மீண்டும் எரிவதற்குள் ஓர் இரவின் உழைப்பு முழுவதும் அழிந்துபோவதை நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். இதனை எழுதுகின்ற யானும் பட்டத்திற்குரிய ஆராய்ச்சிக் கட்டுரையின் ஓர் அத்தியாயத்தை அங்ஙனம் இழந்தவனே. மறுநாளே கடைக்கு விரைந்து, ‘600’ என்று பெரிய இலக்கத்திற் பொறித்திருந்த யு.பி.எஸ். ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர், திரை, லேசர் பிரிண்டர் ஆகிய மூன்றையும் அதனோடு இணைத்தேன். அடுத்த மின்தடையின்போது பிரிண்டர் அச்சிட்டுக்கொண்டிருந்தது, யு.பி.எஸ். கீச்சென்று ஒலித்து அக்கணமே அடங்கிற்று. அத்தியாயம் இரண்டாம் முறையும் போயிற்று. பிழை கருவியினுடையதன்று, வாங்கினவனுடையதே.

பெட்டியின்மேல் உள்ள 600 என்னும் எண் வோல்ட்-ஆம்பியர் கணக்கு. நமக்கு வேண்டுவதோ வாட் கணக்கு. சிறு கருவிகளிற் பல 600 வோல்ட்-ஆம்பியருக்கு 360 வாட் அளவே தரவல்லன. அவ்வெண் பின்புறத்திற் சிற்றெழுத்தில் மறைந்திருக்கும். லேசர் பிரிண்டரோ சூடேறும் வேளையிற் பல நூறு வாட் இழுக்கும். அச்சிட்ட தாளை மறுபடியும் அச்சிடலாமாதலின், அதனை யு.பி.எஸ்.ஸோடு இணைக்கவே வேண்டுவதில்லை. எழுத்து வேலைக்குரிய சாதாரணக் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 100 முதல் 150 வாட் வரை கொள்ளும். விளையாட்டுக்கென அமைந்தவை அதனினும் மிகுதியாகக் கொள்ளும்.

இனி, எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதே முக்கியமான வினா. இத்தகைய கருவிகளுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய பாட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 120 வாட் செலவாயின் 42 நிமிஷம் என்று கணக்குக் காட்டும். நடைமுறையில் அங்ஙனம் நிகழாது. 7 என்னும் அளவு, 20 மணி நேரம் மெல்ல மெல்ல வடித்துக் கண்டது. நாமோ ஒரேயடியாகப் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கிறோம். மாற்றுமிடத்திலும் சிறிது வீணாகும். ஆதலின் புதிய பாட்டரியிலும் கணக்கிற் பாதிக்குக் குறைவாகவே கிட்டும். எழுதியதைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்த அது போதும். மணிக்கணக்கில் வேலையைத் தொடர விரும்புவோர் பெரிய பாட்டரியோடு கூடிய இன்வெர்ட்டரையே நாட வேண்டும். அதில் யு.பி.எஸ். முறைக்கென்று தனி ஸ்விட்ச் உண்டானால் அதனை அம்முறையில் வைத்தல் அவசியம். இன்றேல் மாறும் இடைவெளியிற் கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் தொடங்கும்.

அவ்விடைவெளி மில்லி செகண்டு கணக்கில் அளக்கத்தக்கது. கம்ப்யூட்டரின் உட்பெட்டி மின்சாரமின்றி ஏறத்தாழ 16 மில்லி செகண்டு தாங்கும், எளிய யு.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் 10 மில்லி செகண்டுக்குள் மாறிவிடும். மாலை வேளையில் வோல்ட்டேஜ் தாழ்ந்துவிடும் ஊர்களில் வசிப்போர், பாட்டரியைத் தொடாமலே வோல்ட்டேஜை ஏற்றியும் இறக்கியும் தரும் லைன்-இன்டராக்டிவ் வகையைத் தெரிந்துகொள்க. இடைவெளியே இல்லாத ஆன்லைன் வகை விலை மிக்கது. இல்லத்திற்கு அத்துணை வேண்டுவதில்லை என்பது என் கருத்து. மடிக்கணினி வைத்திருப்போர்க்கு இவை யாவும் தேவையல்ல. அதன் பாட்டரியே அதற்குக் காவல். இணைய ரௌட்டருக்கு மட்டும், அதன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவுக்கு ஒத்த சிறு கருவி ஒன்று அமையும்.

நிற்க. ஈய பாட்டரிக்கு வெப்பமே பெரும் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். நம் நாட்டுக் கோடையில் அதனை மூடிய அலமாரியுள்ளும் வெயில் படும் சன்னலோரத்தும் வைத்தல் தகாது. மூன்று மாதத்திற்கொருமுறை, எழுதியவற்றைச் சேமித்தபின், சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துச் சோதிக்க. பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் அற்றுப்போகுமாதலின் அது வேண்டாம். நிமிஷங்கள் வெகுவாகக் குறைந்திருப்பின் பாட்டரியை மட்டும் மாற்றினாற் போதும். பழையதைக் குப்பையில் எறியாது கடைக்காரரிடமே கொடுக்க. ஈயம் நஞ்சு, ஆயினும் அவர்க்கு அது விலையுள்ள சரக்கு.