குளியல் நீர்ப் பாத்தி ஐப்பசியைத் தாங்க வேண்டும்

குளிக்கிற தண்ணீரையும் துணி அலசுகிற தண்ணீரையும் வாழைக்குத் திருப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். காய்ந்த மண் விட்டதையெல்லாம் குடிக்கும். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் அந்த ஏற்பாடு நிற்குமா என்பது ஐப்பசியில்தான் தெரியும்.

பனி நாடுகளில் குளிர்காலத்தில் நிலம் உறைந்து நீரை ஏற்காது. அதனால் குழாயை ஆழமாகப் புதைப்பார்கள், அல்லது அந்த மாதங்களுக்குச் சாக்கடைக்கே திருப்பிவிடுவார்கள். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலம் ஊறி நிற்கிறது. 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊறிய மண்ணில் சோப்புத் தண்ணீரும் தேங்கினால் நாற்றமும் கொசுவும்தான் மிஞ்சும். ஆகவே குளியலறைக் குழாயில் ஒரு ‘டீ’ போட்டு, இரு கிளையிலும் வால்வு வையுங்கள். ஒன்று பாத்திக்கு. மற்றது பாதாளச் சாக்கடைக்கு, அது இல்லாத தெருவில் இப்போது போகிற வழிக்கே. செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அடுத்து மண். ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில் நீர் மளமளவென்று இறங்கும். அங்கே கவலை கிணற்றைப் பற்றியது. கிணறு, போர் இரண்டிலிருந்தும் ஐம்பதடியாவது தள்ளிப் பாத்தி போடுங்கள். சிதம்பரத்துக் களிமண்ணில் நீர் அப்படியே நிற்கும். அங்கே பாத்தியைக் குழியாக வெட்ட வேண்டாம். மணலும் மக்கிய எருவும் கலந்து ஓரடி, ஒன்றரையடி மேடு கட்டிக் கல்வாழையும் வாழையும் நடுங்கள். மேட்டின் தலை குளியலறைத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். குழாய்க்கு நாலடிக்கு ஓரங்குலச் சரிவு கொடுத்தால் மோட்டார் தேவைப்படாது.

கல்வாழை சும்மா அழகுக்கு அல்ல. வேதியியலாளர் இந்துகாந்த் ராகடே சென்னையில் குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணில் இறக்கும் முறையைப் பல ஆண்டுகள் பரப்பினார். நகரக் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குளியலுக்கு 55, துவைப்புக்கு 20 லிட்டர். நால்வர் வீட்டில் அது 300 லிட்டர் ஆகிறது. ஒரே பாத்தி திணறும்; இரண்டு போட்டு மாற்றி மாற்றி விடுங்கள். முடி, நூல் தங்கக் குழாய் வாயில் நைலான் வலை கட்டி வாரம் ஒருமுறை கழுவுங்கள். நீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள்.

சமையலறை நீரில் எண்ணெயும் சோறும் இருக்கும். குழந்தையின் மலத்துணி அலசிய நீரும் பாத்திக்கு ஆகாது. குளியல் நீரைக் கீரை, முள்ளங்கிக்கு விடவே கூடாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி இருக்கிறதே என்று அதில் சேர்த்துவிடவும் வேண்டாம். அது நிலத்தடி நீருக்கு நேர்வழி.

உப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். சோப்புத்தூளில் சோடியம் அதிகம். களிமண்ணை அது இறுக்கிவிடும். போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் வீடுகளில் கேடு இன்னும் சீக்கிரம் வரும். முதல் துவைப்பு நீரைச் சாக்கடைக்கு விட்டு, அலசிய நீரை மட்டும் செடிக்குத் திருப்புங்கள். பருவமழை தொடங்கியதும் பாத்தி வால்வை மூடினால் சேர்ந்த உப்பை மழை கழுவிப்போகும். தை பிறந்தபின் பாத்தி ஓரத்தில் ஓரடி தோண்டிப் பாருங்கள். குழியில் நீர் ஊறாவிட்டால் வால்வைத் திறக்கலாம்.