இரண்டும் ஒரே தேதியில் நிற்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஆரக்கிள் இ-பிசினஸ் சூட்டை 12.1-இலிருந்து 12.2-க்கு ஏற்றும் வேலையில் உன்னைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். சந்தோஷம். குளோன் எடுப்பதும், கான்கரன்ட் மேனேஜர் படுத்துவிட்டால் எழுப்பிவிடுவதுமாக இருந்தவனுக்கு, ஆப்ஸ் டிபிஏ வேலையின் உள்ளடுக்கு இனிதான் தெரியவரும். உன் வயதுக்காரர்கள் இன்னும் நாலு பேர் படித்தாலும் நல்லதுதானே என்று இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன்.

இந்த மென்பொருள் இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. ஃபார்ம், ரிப்போர்ட், ஜாவா கிளாஸ் எல்லாம் டிஸ்க்கில் ஃபைல்களாக; பேக்கேஜ், வியூ, டேபிள், சீட் டேட்டா எல்லாம் டேட்டாபேஸுக்குள். கணக்குப் பிரிவில் ஒருவர் இன்வாய்ஸ் திரையைத் திறந்தால், டிஸ்க்கில் இருக்கும் ஃபார்ம் டேட்டாபேஸில் இருக்கும் பேக்கேஜைக் கூப்பிடுகிறது. ஒன்று புதியது, மற்றது பழையது என்றால் அந்த அழைப்பு பொருந்தாது. சில நேரம் உடனே எரர் வரும், அது அதிர்ஷ்டம். சில நேரம் மாதக் கடைசியில்தான் தெரியும்.

11ஐ காலத்தில் ஒரு பேட்ச்சுக்கு மூன்று டிரைவர்கள் தனித்தனியாக வந்தன. சி டிரைவர் ஃபைல்களை நகலெடுக்கும், டி டிரைவர் டேட்டாபேஸில் ஸ்கிரிப்ட் ஓட்டும், ஜி டிரைவர் ஃபார்ம்களையும் ரிப்போர்ட்களையும் ஜெனரேட் செய்யும். சி ஓடி, டி நின்றுபோன சிஸ்டங்கள் அப்போது ஊருக்கு ஊர் கிடைக்கும். பிறகு மூன்றையும் யூ டிரைவர் என்று ஒன்றாக்கினார்கள்.

2013-இல் வந்த 12.2 இன்னும் ஒரு படி போனது. டிஸ்க்கில் எஃப்எஸ்1, எஃப்எஸ்2 என்று இரண்டு முழுப் பிரதிகள். ஒன்று ரன் பக்கம், அதில் ஜனங்கள் வேலை செய்வார்கள். மற்றது பேட்ச் பக்கம், அதில் நீ பேட்ச் போடுவாய். டேட்டாபேஸை இரட்டிப்பாக்குவதில்லை. 11ஜி இரண்டாம் வெளியீட்டில் வந்த எடிஷன் வசதியை வைத்து, பேக்கேஜ், வியூ போன்றவற்றுக்கு மட்டும் ரன், பேட்ச் என்று இரண்டு முகம். டேபிள் ஒன்றேதான். அதன்மேல் ஒரு எடிஷனிங் வியூ போர்த்தியிருக்கும். டேபிளில் சேர்க்கும் புதிய நெடுவரிசை அதன் வழியாகப் பேட்ச் பக்கத்துக்கு மட்டும் தெரியும். ரன் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் பேட்ச் பக்க வடிவத்துக்கு மாற்றித்தர கிராஸ்எடிஷன் டிரிகர் இருக்கிறது. பிரிப்பேர், அப்ளை, ஃபைனலைஸ், கட்ஓவர், கிளீனப் என்று அடாப் என்ற பேட்ச் கருவி டிஸ்க்கையும் டேட்டாபேஸையும் சேர்த்து ஓட்டிச்செல்லும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அடாப்புக்குத் தெரிந்த மாற்றங்களை மட்டுமே அது சேர்த்து நகர்த்தும். அதன் கண்ணில் படாமல் நாம் செய்வதுதான் தொல்லை.

உங்கள் டெவலப்பர் ஒருவர் அவசரமென்று கஸ்டம் டாப்பில் ஒரு ஃபார்மைக் கையால் கொண்டுபோய் ரன் பக்கத்தில் வைப்பார். வேலை செய்யும். மூன்று வாரம் கழித்துக் கட்ஓவரில் இரு பக்கமும் இடம் மாறியதும் அந்த ஃபார்ம் 'காணாமல்' போகும். எங்கும் போகவில்லை, பழைய பக்கத்திலேயே கிடக்கிறது. பிரிப்பேர் போன சுற்றில் போட்ட பேட்ச்களை மட்டும் மறுபக்கத்தில் போட்டுச் சமன்செய்ததே தவிர, கையால் வைத்த ஃபைலை அது எப்படி அறியும்? கஸ்டம் டைரக்டரிகளை அடாப் சிங்க் டிரைவர் ஃபைலில் எழுதிவை. அதில் கஸ்டமைசேஷன் என்று குறித்த பகுதிக்குள் எழுத வேண்டும், வெளியே எழுதினால் பயனில்லை. இந்த ஃபைலைத் திறந்தே பார்க்காத டீம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேட்டாபேஸிலும் இதே கதை. பேட்ச் சைக்கிள் திறந்திருக்கும்போது ரன் எடிஷனில் ஒரு பேக்கேஜைத் திருத்தினால், பேட்ச் எடிஷனில் அதற்குத் தனிப்பிரதி ஏற்கெனவே உருவாகியிருந்தால், கட்ஓவரோடு உன் திருத்தம் போய்விடும். சைக்கிள் திறந்திருக்கும் நாட்களில் கோட் ஃப்ரீஸ் கேள். சண்டை போட்டாவது கேள்.

எந்தக் கமாண்டுக்கு முன்பும், எந்தப் பக்கத்தில் நிற்கிறாய் என்று ஃபைல் எடிஷன் வேரியபிளை எக்கோ செய்து பார். நாலு டெர்மினல் திறந்துவைத்துக்கொண்டு விடிகாலை மூன்று மணிக்கு நினைவை நம்பாதே.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். முன்னால் போகும்போது அடாப் துணைக்கு இருக்கிறது. திரும்பி வரும்போதுதான் ஃபைலும் டேட்டாபேஸும் பிரிகின்றன.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஃபைல் பேக்கப்பை ரெஸ்டோர் செய்கிறார்கள். டேட்டாபேஸோ செவ்வாய்க்கிழமை நிலையிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை போட்ட பேட்ச் டேட்டாபேஸ் பதிவில் உண்டு, டிஸ்க்கில் இல்லை. பத்திரத்தில் உன் பெயர், நிலத்தில் வேறொருவன் உழவு. அதே பேட்சைத் திரும்பப் போட்டால் 'ஏற்கெனவே போட்டாயிற்று' என்று அடாப் தாண்டிப்போய்விடும். ஃபோர்ஸ்அப்ளை கொடுத்தால்தான் மறுபடி தொடும். ஆகவே பதிவை மட்டும் பார்த்து 'ஆச்சு சார்' என்று மெயில் அனுப்பாதே. டிஸ்க்கில் உள்ள பேக்கேஜ் ஃபைலை ஆட்ஐடெண்ட் வைத்துப் பார்த்தால் ஹெடரில் வெர்ஷன் எண் வரும். டேட்டாபேஸில் அதே பேக்கேஜின் சோர்ஸில், தொடக்க வரிகளிலேயே, அந்த ஹெடர் இருக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார். எல்லாவற்றுக்கும் முடியாது; பேட்சுக்குப் பத்துப் பதினைந்து எடுத்துப் பார்த்தாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபார்முக்கு இதுவும் போதாது. சோர்ஸ் புதிதாக வந்து, ஜெனரேட் ஆன ஃபைல் பழைய தேதியிலேயே இருக்கலாம். தேதியையும் பார்.

கட்ஓவர் பாதியில் விழுந்தால் இதே சிக்கல் பெரிய உருவில் வரும். எல்லாரும் செய்வது போல நீயும் முன்கூட்டியே ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் வைத்திருப்பாய். ஃப்ளாஷ்பேக் அடித்தால் டேட்டாபேஸ் பழைய நேரத்துக்குப் போய்விடும். ஃபைல் பக்கம்? கட்ஓவர் லாகைப் படிக்காமல் அது தெரியாது. எஃப்எஸ்1-உம் எஃப்எஸ்2-உம் இடம் மாறுவதற்கு முன்பு விழுந்ததா, மாறிய பின்பா? மாறிய பிறகு என்றால் டேட்டாபேஸ் எஃப்எஸ்1-ஐ ரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் எஃப்எஸ்2 ரன்னாகியிருக்கும். இந்த நிலையில் சர்வீஸைக் கிளப்பாதே. ஃபைல் பக்கத்தையும் திருப்பி மாற்றிய பிறகே கிளப்பு. பல நோடு உள்ள சிஸ்டம் என்றால் ஒவ்வொரு நோடிலும் பார். ஒன்று மட்டும் பின்தங்கி நின்றிருக்கும், அதுவும் ரிப்போர்ட் ஓடுகிற நோடாக.

யூசர்கள் உள்ளே வருவதற்கு முன்பே 'தொடர்வதா, திரும்புவதா' என்று முடிவெடுக்கச் சொல். அவர்கள் நாலு இன்வாய்ஸ் போட்ட பிறகு ஃப்ளாஷ்பேக் அடித்தால் அவையும் போய்விடும். அந்த நேரத்தைக் கட்ஓவர் பிளானில் மணி குறித்து எழுது. மேனேஜருக்குப் பிடிக்காது, எழுது.

பேட்ச் சைக்கிளை அபார்ட் செய்தால் முழு கிளீனப்பும் எஃப்எஸ் குளோனும் கட்டாயம். டிஸ்க் பெரிதாக இருந்தால் குளோனுக்குப் பல மணி நேரம் ஆகும். அதைச் சேமிக்க ஆசைப்படும் ஒருவர் ஒவ்வொரு டீமிலும் இருப்பார். நீ விட்டுக்கொடுக்காதே.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மெயின் அப்கிரேடின்போது ரேபிட் இன்ஸ்டால் 12.2 ஃபைல்களை முதலில் இறக்கிவிடும். டேட்டாபேஸ் அப்போதும் 12.1 தான். அப்கிரேட் டிரைவர் ஓடி முடிகிறவரை அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், பயப்படாதே. அந்த இடைவெளியில் வேறு எதையும் தொடாமல் இருந்தால் சரி.

கட்ஓவர் தேதி குறித்ததும் உன் ரன்புக்கை எனக்கு அனுப்பு. திரும்பி வருவதற்கான பக்கத்தை முதலில் படிப்பேன்; அந்தப் பக்கமே இல்லையென்றால் எழுதிச் சேர்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்