ரொட்டியும் சாயத்தண்ணியும்

மலையில் ரொட்டியைச் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பது நம்மவர் பழக்கம். இதிலே ஒரு சங்கதி இருக்கிறது. தேயிலையின் துவர்ப்பு, ரொட்டி மாவிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அந்தச் சத்து குறைந்தால் இரத்தசோகை. மேடேறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். வேலைக் களைப்பு என்று நாம் விட்டுவிடுகிறோம். கர்ப்பிணிக்கு இது கடுமையாக இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். பேறுகாலத்தில் இரத்தம் அதிகம் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து.

“தோட்டத்தில இருந்துகிட்டு தேத்தண்ணியை விடுறதா?” என்று கேட்பீர்கள். விட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். ரொட்டியோடு கொதித்தாறிய தண்ணீர் போதும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கொஞ்சம் நெத்தலிக் கருவாடு சேர்ந்தாலும் அப்படித்தான்.

கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து குளிசையைப் பெட்டிக்குள்ளே போட்டு வைத்துவிடாதீர்கள்.