மராத்தி மண்ணின் நகைச்சுவைச் செல்வர்

நுழையும்முன்

நகைச்சுவை இருவகைப்படும். பிறரைத் தாழ்த்திச் சிரிப்பது ஒன்று; பிறரோடு சேர்ந்து சிரிப்பது மற்றொன்று. இரண்டாம் வகை நகைச்சுவையைத் தம் எழுத்தாலும் நடிப்பாலும் வளர்த்த பெருமகனார் ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் பணியும்

புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே 1919ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மும்பையில் பிறந்தார். மராத்தி மக்கள் அவரைப் ‘பு.ல.’ என்று அன்புடன் அழைத்தனர். அவர்தம் தாய்வழிப் பாட்டனார், தாகூரின் கீதாஞ்சலியை மராத்தியில் பெயர்த்தவர். ஆகவே, இலக்கியப் பற்று பு.ல.வுக்குக் குடும்பச் சொத்தாகவே வாய்த்தது. இசையிலும் அவர் ஈடுபாடு மிக்கவர். ஆர்மோனியம் வாசிப்பதில் வல்லவர். ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், பின்னர் அகில இந்திய வானொலியிலும் பணியாற்றினார். 1953இல் வெளிவந்த ‘குளாச்சா கணபதி’ என்னும் திரைப்படத்தில் இயக்கம், இசை, நடிப்பு ஆகிய பொறுப்புகளை அவர் ஒருவரே ஏற்றார்.

சால் குடியிருப்பும் இலக்கியமும்

மும்பையில் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் மாடிக் குடியிருப்புக்குச் ‘சால்’ என்று பெயர். நீண்ட நடைக்கூடம், அதனை ஒட்டி வரிசையாய்ச் சிறுசிறு வீடுகள், பலருக்கும் பொதுவான குழாய். ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். இத்தகைய இடத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று பலரும் எண்ணுவர். பு.ல. அவ்வாறு எண்ணவில்லை. 1958இல் அவர் வெளியிட்ட ‘பட்டாட்யாச்சி சாள்’ என்னும் நூல் முழுவதும் இக்குடியிருப்பு மனிதர்களைப் பற்றியதே ஆகும்.

அந்நூலில் ஒரு கட்டுரை உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றியது. உடல் எடையைக் குறைக்க ஒருவர் உறுதி பூணுகிறார். செய்தி பரவியதும் குடியிருப்பே திரண்டுவந்து அறிவுரை கூறுகிறது. ஒருவர் விலக்கச் சொல்வதை மற்றொருவர் உண்ணச் சொல்கிறார். நம் வீடுகளிலும் நிகழ்வதன்றோ இது! படிப்பவர் சிரிக்கின்றனர்; சிரிக்கும்போதே தம் அண்டை வீட்டாரை மட்டுமன்றித் தம்மையும் அக்கட்டுரையில் காண்கின்றனர். நூலின் இறுதியிலோ சிரிப்பு மெல்ல அடங்கி, கூடி வாழ்ந்த வாழ்வைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை தலைதூக்குகிறது.

ஒருவர், பல குரல்

தாம் எழுதிய இந்நூலை அவரே மேடையேற்றினார். அந்நாடகத்தில் நடிகர் அவர் ஒருவரே. குரலை மாற்றியும் நடையை மாற்றியும் குடியிருப்பு மாந்தர் பலராகவும் அவர் தோன்றினார். ஒருவரே பலராக மாறுவதற்கு நாவன்மை மட்டும் போதாது; ஒவ்வொருவரின் மனத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அவருடைய நிகழ்ச்சிகள் செம்மையாக நடைபெற அவர்தம் துணைவியார் சுனிதா பெருந்துணையாக விளங்கினார்.

எளியோரை மறவாத எழுத்து

‘வ்யக்தி ஆணி வல்லி’ என்னும் நூலில் பலவகை மனிதர்களைப் பு.ல. சொல்லோவியமாகத் தீட்டியுள்ளார். அவர்களுள் நாராயணன் என்பவன் மறக்க முடியாதவன். எவர் வீட்டுத் திருமணமாயினும் துணி வாங்குவது முதல் பந்தி வரை அனைத்தையும் அவனே ஓடியாடிச் செய்வான். அவனுடைய பரபரப்பைக் கண்டு நாம் சிரிக்கிறோம். திருமணம் முடிந்தபின்போ அவனை நினைப்பார் எவருமிலர். அப்பொழுது நம் சிரிப்பு இரக்கமாக மாறுகிறது. இந்நூலுக்கு 1965இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஈகையும் துணிவும்

எழுத்தாலும் நிகழ்ச்சிகளாலும் ஈட்டிய பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அறக்கட்டளை ஒன்றை நிறுவி, நற்பணிகள் பலவற்றுக்கு வழங்கினார். புனேயில் 1986இல் தொடங்கப்பெற்ற ‘முக்தாங்கண்’ என்னும் போதை மீட்பு மையம் அவருடைய கொடையால் பயன்பெற்றது. நெருக்கடி நிலையை எதிர்த்து 1977ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மேடைகளில் முழங்கவும் அவர் தயங்கவில்லை. 1990இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2000ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் புனேயில் மறைந்தார்.

நாம் கற்பது

புகழின் உச்சியில் இருந்தபோது, ஐம்பது வயதை ஒட்டி, பு.ல. சாந்திநிகேதனில் தங்கி வங்கமொழி பயின்றார். தாகூரை அவருடைய மொழியிலேயே படிக்க வேண்டும் என்னும் வேட்கையே அதற்குக் காரணம். மாணவர்களே! வேறு மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு தமிழ் பயிலும் நீங்களும் அத்தகைய முயற்சியிலேயே ஈடுபட்டுள்ளீர்கள். கற்கும்போது பிழை நேரலாம். அதற்காக நாண வேண்டுவதில்லை. நீங்கள் வாழும் தெருவும் குடியிருப்பும் எழுதுவதற்கு உரியவையே. அன்போடு நோக்கும் கண் இருந்தால் போதும்.

சொல்லும் பொருளும்

வேட்கை – மிகுந்த விருப்பம்
ஈகை – கொடை
நாவன்மை – பேச்சுத்திறன்
மாந்தர் – மக்கள்

பயிற்சி

1. சால் குடியிருப்பின் அமைப்பை உம் சொற்களில் எழுதுக.
2. நாராயணனைப் பற்றிப் படிக்கும்போது சிரிப்பு இரக்கமாக மாறுவது ஏன்?
3. பு.ல. வங்கமொழி பயின்றதன் நோக்கம் யாது?
4. உம் குடியிருப்பில் பிறருக்கு உதவும் ஒருவரைப் பற்றி, அவர் படித்தால் மகிழுமாறு, நகைச்சுவையுடன் பத்து வரிகள் எழுதுக.